சொட்டுநீர்ப் பாசன மானியம்

பயிரின் வேரடியில் சொட்டுச் சொட்டாக நீர்விடும் கருவிகளை வாங்குவதற்கு இந்திய அரசும் மாநில அரசுகளும் விவசாயிகளுக்குத் தரும் நிதியுதவியே சொட்டுநீர்ப் பாசன மானியம். தமிழ்நாட்டில் அரசு நிர்ணயித்த செலவு வரம்புக்குள் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் வழங்கப்படுகிறது.

தோற்றம்

பொறியாளர் சிம்கா பிளாஸ் உருவாக்கிய சொட்டுவானைத் தயாரிக்க, 1965-இல் இஸ்ரேலின் ஹட்ஸெரிம் கூட்டுப்பண்ணையில் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இதற்கு ஆதரவு பிளாஸ்டிக் துறையின் வழியாகவும் வந்தது. வேளாண்மையில் பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கான தேசியக் குழு 1981-இல் அமைந்தது. மாநிலங்களில் மகாராஷ்டிரம் 1980-களிலேயே மானியத்தைத் தொடங்கிவிட்டது.

வளர்ச்சி

நாடு தழுவிய நுண்ணீர்ப் பாசனத் திட்டம் 2006 ஜனவரியில் வந்தது. செலவில் மத்திய அரசு 40, மாநில அரசு 10 விழுக்காடு தந்தன. மீதிப் பாதியை விவசாயி போட வேண்டும். கிணற்றையே நம்பிய சிறு விவசாயிக்கு அந்தப் பாதியே பெரும் பாரம். 2010-இல் தேசிய நுண்ணீர்ப் பாசன இயக்கம் சிறு, குறு விவசாயிகளுக்கான உதவியை 60 விழுக்காடாக உயர்த்தியது. 2015-இல் வந்த பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் கீழ், பின்னர் அது 55 விழுக்காடாகவும், மற்றவர்களுக்கு 45 விழுக்காடாகவும் வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல் தமிழ்நாடு தன் நிதியைச் சேர்த்து, சிறு விவசாயியின் பங்கை முற்றிலும் நீக்கியது.

இதற்குப் பணமும் வேண்டியிருந்தது. நபார்டு வங்கி வழியாக ரூ.5,000 கோடியில் நுண்ணீர்ப் பாசன நிதி ஏற்படுத்தப்பட்டபோது, ரூ.1,000 கோடிக்கு மேல் கடன் பெற்றது தமிழ்நாடு.

நடைமுறை

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ, வேறு நீர் ஆதாரமோ இருப்பது அவசியம். குத்தகை நிலத்தில் உழைப்பவருக்குக் காகிதங்களைத் திரட்டுவதே பெரும்பாடு.

தாக்கம்

கரும்பு, வாழை, தென்னை, காய்கறி வயல்களில் இம்முறை நன்கு பரவியது. நீரோடு உரத்தையும் குழாய்வழி விடலாம். வரிசைகளுக்கு இடையே ஈரம் குறைவதால் களையும் குறையும், ஆள்கூலி மிச்சமாகும். ஆனால் தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டார் ஓடும் நேரம் குறைந்தாலும் விவசாயியின் கையில் காசு மிஞ்சாது. மிஞ்சிய நீரைக்கொண்டு கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தால், நிலத்தடி நீரின் மீதான சுமையும் குறையாது.

பராமரிப்பு இன்னொரு சிக்கல். உப்பு நீர் சொட்டுவானை அடைக்கும்; எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். வடிகட்டியைக் கழுவுவதும் அமிலம் விட்டு அடைப்பை நீக்குவதும் விவசாயியின் பொறுப்பு. ஒரே நிலத்துக்கு மீண்டும் மானியம் பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், அதற்குள் மாற்ற வேண்டிய ஒவ்வொரு குழாய்க்கும் அவரே பணம் தேட வேண்டியிருக்கிறது.