செருகுவாயின் வரலாறு: பழங்கணினியும் வரைகலை அட்டையும்

ஒரு கருவி ஆற்றல் குன்றியவிடத்து அதனை முற்றாகக் கழித்து வேறொன்று கொள்ளுதலும், குன்றிய உறுப்பினை மாத்திரம் மாற்றி எஞ்சியதனைப் பேணுதலும் என இருவேறு வழக்கங்கள் உலகத்துண்டு. வண்டியின் அச்சுத் தேய்ந்தால் தச்சன் அச்சினையே மாற்றுவான், வண்டியினை விறகாக்கான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய மின்னணுப் பொறிகளுட் பெரும்பாலானவை முதலாம் வழக்கத்தையே தழுவின. வானொலிப்பெட்டியும் தொலைக்காட்சிப்பெட்டியும் வாங்கிய நாளில் எவ்வாற்றலுடையனவோ அவ்வாற்றலுடனேயே முதுமை எய்தின. மேசைக் கணினியோ இரண்டாம் வழக்கத்திற்கு உரியதாயிற்று. பழைய கணினியொன்றின் வரைகலை அட்டையைக் கழற்றிப் புதியதொன்றைப் பொருத்துதல் இன்று இளைஞரும் எளிதிற் செய்யும் தொழில். அஃது எவ்வாறு இயல்வதாயிற்று, அதனால் விளைந்தவை யாவை, அதன் எல்லைகள் எவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

வரைகலை அட்டை என்பது கணினியின் செயலி இடும் கட்டளைகளைத் திரையிற் காணும் உருவமாக மாற்றித் தரும் உறுப்பாகும். திரையில் எப்புள்ளி எந்நிறத்தில் ஒளிர வேண்டும் என்னுங் குறிப்பினை அது தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நொடிதோறும் பன்முறை திரைக்கு அனுப்பும். தாய்ப்பலகையிலுள்ள நீண்ட பிளவு ஒன்றில் அவ்வட்டை நிற்கும். அப்பிளவே செருகுவாய். செருகுவாய் இன்றேல் அட்டையை மாற்றுதல் இல்லை. ஆதலின், வரைகலை அட்டையின் வரலாறு ஒருவகையிற் செருகுவாயின் வரலாறே எனலாம்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்ற்றெயர் 8800 என்னும் சிறுகணினி திரையின்றியே விற்கப்பட்டது. முகப்பிலிருந்த ஆளிகளும் சிறு விளக்குகளுமே அதன் வாயும் கண்ணும். ஆயின் அதனுள்ளே பலகைகளைச் செருகுவதற்கு இடம் இருந்தது. மறு ஆண்டிலேயே குறொமெம்கோ நிறுவனத்தார் டாஸ்லர் என்னும் பெயரில் இரு பலகைகளாலாய வரைகலைக் கருவியை வெளியிட்டனர். அதனைச் செருகியவர் தம் கணினியை வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து உருவங்களைக் கண்டனர். கணினியைச் செய்தவர் வேறு, அதற்குக் கண் கொடுத்தவர் வேறு என்னும் நிலை அன்றே தோன்றிவிட்டது.

1977இல் வெளிவந்த அப்பிள் 2 என்னுங் கணினியில் எட்டுச் செருகுவாய்கள் இருந்தன. இரண்டே போதும் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் கருதவும், அதனை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக் எட்டினையும் வலியுறுத்தி நிலைநாட்டினார் என்பது கணினி வரலாற்றிற் பலரறிந்த செய்தி. அதே நிறுவனம் 1984இல் வெளியிட்ட மக்கின்ரொஷ் கணினியில் ஒரு செருகுவாயேனும் இல்லை. பொறியினைச் செய்தவனே அதன் எல்லையை அறிவான் என்பது ஒரு கொள்கை. அதனைப் பயன்கொள்பவன் செய்தவன் எண்ணாததையும் எண்ணுவான் என்பது மற்றொரு கொள்கை. இவ்விரண்டின் போராட்டமே பின்வரும் வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்பது.

1981ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. புளொறிடா மாநிலத்துப் பொக்கா றற்றன் நகரில் டொன் எஸ்ற்றிட்ஜ் என்பாரின் தலைமையில் ஓராண்டளவிலே உருவாக்கப்பட்ட அக்கணினி, பிறர் செய்த உறுப்புகளைக் கொண்டே பெரிதும் அமைந்தது. செயலி இன்ரெல் நிறுவனத்தின் 8088. தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. இதனினுஞ் சிறந்தது யாதெனின், அப்பொறியின் சுற்றமைப்புப் படங்களை ஐ.பி.எம். நூலாகவே வெளியிட்டமையாம். அதனைக் கற்றவர் எவரும் அச்செருகுவாய்க்கு ஏற்ற அட்டையைத் தாமே ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டாயிற்று.

அக்கணினிக்கு ஐ.பி.எம். இரு காட்சி அட்டைகளை விற்றது. ஒன்று ஒருநிற அட்டை. எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும், படம் வரையாது. மற்றையது வண்ண அட்டை. 16 கிலோபைற் நினைவகமுடையது, படம் வரையும், எழுத்தோ தெளிவற்றது. அலுவலகங்கள் பெரும்பாலும் முன்னதையே கொண்டன. அவ்வொருநிற அட்டை திரையில் 25 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் காட்டிற்று. எழுத்துகளின் வடிவங்கள் அட்டையிலுள்ள மாறா நினைவகத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. அவை மொத்தம் 256. உரோம எழுத்துகள், ஐரோப்பிய மொழிகளின் சிறப்பெழுத்துகள், சில கிரேக்க எழுத்துகள், கட்டம் வரைதற்கான கோடுகள் முதலியவற்றால் அவ்விடங்கள் நிரம்பிவிட்டன. நெடுங்கணக்கின்படி தமிழெழுத்து 247. எண்ணளவில் அவை அவ்வெல்லைக்குள் அடங்குவனவே. எனினும் அவற்றுக்கு ஓரிடமும் விடப்படவில்லை. தாய்லாந்து மொழி முதலிய ஆசிய மொழிகள் பலவற்றின் நிலையும் இதுவே.

இக்குறையே வரைகலை அட்டையின் வரலாற்றில் ஒரு திருப்பத்திற்கு வித்தாயிற்று. வான் சுவன்னுகுல் என்னும் தாய்லாந்து நாட்டவர் தம் தாய்மொழி எழுத்துகளைக் கணினித் திரையிற் காண விழைந்தார். ஒருநிறத் திரை குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 350 புள்ளிகளும் காட்ட வல்லது என்பதையும், அப்புள்ளிகளைத் தனித்தனி ஆள அட்டையே தடையாய் நின்றது என்பதையும் அவர் அறிந்தார். 1982இல் அவர் தொடங்கிய ஹெர்க்குலிஸ் நிறுவனத்தின் வரைகலை அட்டை, அதே திரையில் 720க்கு 348 என்னும் அளவில் ஒவ்வொரு புள்ளியையும் விரும்பியவாறு ஒளிரச் செய்தது. கணக்கிட்டு நோக்கின், அப்புள்ளிகள் 2,50,560. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைற் என 31,320 பைற் இடம் அதற்குத் தேவை. ஐ.பி.எம். ஒருநிற அட்டையில் இருந்ததோ 4 கிலோபைற் மாத்திரமே. ஹெர்க்குலிஸ் அட்டை 64 கிலோபைற் நினைவகத்தோடு வந்து, இரு பக்கங்களைத் தன்னுள் வைத்திருந்தது. பழைய அட்டையின் எழுத்துமுறையையும் அது கைவிடாதமையால் முன்னைய நிரல்கள் அனைத்தும் இடையூறின்றி இயங்கின. செயலி மாறவில்லை, திரை மாறவில்லை, ஓர் அட்டை மாறியதும் பொறி புதிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டது. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னுங் கணக்குநிரல் இவ்வட்டைக்கு இடந்தந்ததும், தாய்மொழிப் பற்றினாற் பிறந்த அட்டை உலகெங்கும் வணிகரின் மேசையை அடைந்தது.

இந்திய மொழிகளுக்கும் இவ்வழியே வாயில் திறந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 1988இல் பூனா நகரில் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனம் ஜிஸ்ற் என்னும் அட்டையை வெளியிட்டது. கணினியிற் செருகியதும், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரல்களிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை எழுதவும் காணவும் அது துணைசெய்தது. யுனிக்கோட் குறியீடு 1991இல் தமிழுக்கு இடமளித்தது. விண்டோஸ் 2000 அதனை இயங்குதளத்தினுள்ளேயே கொணர்ந்தது. இன்று எக்கணினியிலும் தமிழ் இயல்பாகத் தோன்றுகின்றது. இயங்குதளங்கள் அதற்கு வழிசெய்யுமுன், அட்டையைச் செருகும் உரிமை பெரும்பங்கு ஆற்றியது என்பது மறக்கற்பாலதன்று.

1984இல் 16 நிறங்காட்டும் அட்டையை வெளியிட்ட ஐ.பி.எம்., 1987இல் தன் பி.எஸ்/2 வரிசைக் கணினிகளோடு வி.ஜி.ஏ. என்னும் முறையை அறிமுகஞ் செய்தது. 640க்கு 480 புள்ளிகளில் 16 நிறங்களும், 320க்கு 200 புள்ளிகளில் 256 நிறங்களும் அதனால் இயன்றன. ஆனால் அக்கணினிகளுள் உயர்ந்தவற்றிற் செருகுவாயின் அமைப்பே மாற்றப்பட்டிருந்தது. மைக்றோ சனல் எனப்பட்ட புதிய பாட்டையிற் பழைய அட்டைகள் பொருந்தா. அதனைப் பிறர் செய்ய விரும்பின் உரிமைப்பணம் செலுத்தல் வேண்டும். விளைவு யாது? 1988இல் கொம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் கூடிப் பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்றுப் பாட்டையொன்றை அறிவித்தன. வி.ஜி.ஏ. முறையைப் பிறர் பழைய செருகுவாய்க்கு ஏற்ற அட்டைகளாக ஆக்கி விற்றனர். மைக்றோ சனல் வழக்கொழிந்தது. அதே 1987இல், முன்னர் செருகுவாயை மூடிய அப்பிள் நிறுவனம் ஆறு செருகுவாய்களுடன் மக்கின்ரொஷ் 2 என்னும் கணினியை வெளியிட்டமை ஒப்புநோக்கத்தக்கது. ஒருவர் திறந்த கதவை மூட, மற்றவர் மூடிய கதவைத் திறந்தனர். காலம் திறந்தவர் பக்கமே நின்றது.

எனினும் திறந்த செருகுவாயும் மூப்படையும். 1990இல் விண்டோஸ் 3.0 பரவியதும் திரை முழுவதும் படமாயிற்று. பழைய பாட்டையின் வேகம் அதற்குப் போதவில்லை. இன்ரெல் 1992இல் வகுத்த பி.சி.ஐ. பாட்டை நொடிக்கு 133 மெகாபைற் கடத்திற்று. 1997இல் தாய்ப்பலகைகளில் இடம்பெற்ற ஏ.ஜி.பி. என்னும் தனிச் செருகுவாய் 266 மெகாபைற்றிலே தொடங்கி, பின்னர் அதன் எட்டு மடங்கினை எய்தியது. 2004இல் தாய்ப்பலகைகளில் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிறஸ் பதினாறு தடங்களில் ஒரு திசைக்கு நொடிக்கு 4 கிகாபைற் தந்தது. ஏ.ஜி.பி. கணினி வைத்திருந்தோர் அப்பொழுது தாய்ப்பலகையையே மாற்ற நேர்ந்தது. ஆயின் அதன்பின் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிறஸ் தலைமுறைகள் யாவும் ஒன்றோடொன்று பொருந்துவனவாகவே வகுக்கப்பட்டன. பத்தாண்டுக்கு முந்திய கணினியும் இன்றைய அட்டையை ஏற்க இடமுண்டாயது இதனாலேயே.

1996இல் த்றீடிஎவ்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ என்னும் அட்டை முப்பரிமாண உருவங்களை விரைந்து தீட்டியது. அது பழைய அட்டையை நீக்காமல் அதனருகே மற்றொரு செருகுவாயில் நின்று, வேண்டும்பொழுது மாத்திரம் திரையைத் தான் ஏற்றது. மறு ஆண்டு குவேக் என்னும் விளையாட்டு அதன் ஆற்றலை உலகறியச் செய்தது. அந்நிறுவனம் நெடிது வாழவில்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உடைமைகள் என்விடியாவின் கையகப்பட்டன. 1985இல் கனடாவில் தொடங்கிய ஏ.ரி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. 2006இல் வாங்கியது.

விளையாட்டுக்கென வளர்ந்த அட்டை அறிவியலுக்கும் கருவியாயிற்று. 2006இல் என்விடியா அறிவித்த குடா என்னும் முறை, புள்ளிகளுக்கு நிறந்தீட்டும் ஆயிரக்கணக்கான சிறு கணிப்புகளைப் பிற கணிதத்துக்கும் பயன்படுத்த வழிசெய்தது. 2012இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிறிசெவ்ஸ்கி, இலியா சுற்ஸ்கேவர், ஜெஃப்றி ஹின்ரன் ஆகிய மூவரும் படங்களை இனங்காணும் நரம்புவலையொன்றை 3 கிகாபைற் நினைவகமுடைய இரு ஜி.ரி.எக்ஸ். 580 அட்டைகளிலே பயிற்றி வெற்றிகண்டனர். அவை கடையில் எவரும் வாங்கக்கூடிய விளையாட்டு அட்டைகளே. இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சிக்கு அது பெருங்காரணமாயிற்று.

இனி எல்லைகளை நோக்குவது முறையாகும். பி.சி.ஐ. எக்ஸ்பிறஸ் செருகுவாய் ஓர் அட்டைக்கு 75 வாற் மின்னே தரும். அதற்கு மேல் வேண்டின் மின்வழங்கியிலிருந்து தனிக்கம்பி செல்லல் வேண்டும். ஆறு முனையுள்ள இணைப்பு 75 வாற்றும், எட்டு முனையுள்ளது 150 வாற்றும் அளிக்கும். மின்வழங்கி வலியற்றதாயின் அட்டையின் ஆற்றல் வீணே. பெட்டியின் நீளமும் காற்றோட்டமும் அளந்தறிதற்குரியன. செயலி மிகப் பழையதாயின், விரைந்து தீட்டவல்ல அட்டை கட்டளைக்காகக் காத்து நிற்கும். செருகுவாயிற் பொருந்துதல் வேறு, முழுப்பயன் தருதல் வேறு. 2022இல் வெளிவந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. நான்கு தடங்களையே பயன்படுத்துவது. நான்காம் தலைமுறைச் செருகுவாயில் அதற்கு நொடிக்கு ஏறக்குறைய 8 கிகாபைற் கிட்டும்; மூன்றாம் தலைமுறையில் பாதி; இரண்டாம் தலைமுறையிற் காற்பங்கு. மலிவான அட்டையை நாடுபவர் பழங்கணினி உடையோரே. அவ்வட்டையோ பழங்கணினியிலேதான் மிகத் தளர்ந்தது. அதே ஆண்டு வந்த இன்ரெல் ஆர்க் அட்டைகளும், அட்டையின் நினைவகம் முழுவதையும் செயலி ஒருங்கே அணுகும் வசதி தாய்ப்பலகையில் இல்லாவிடத்து வேகங்குன்றின. இயங்குதளத்தின் ஆதரவு முடிவுறுவதையும் அட்டை தடுக்கமாட்டாது. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒற்றோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது.

வரைகலையைச் செயலியோடு ஒன்றாக்கினால் மின்செலவும் விலையும் குறையும் என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. எழுத்துவேலைக்கும் படம் பார்த்தற்கும் அது போதுமானதே. ஆனால் உறுப்புகள் ஒன்றாகுந்தோறும் ஒன்றின் மூப்பு அனைத்தின் மூப்பாகின்றது. 2023இல் வெளிவந்த மக் புறோ கணினியிற் செருகுவாய்கள் இருந்தும் அவற்றில் வரைகலை அட்டைகள் ஏற்கப்படவில்லை. வாயில் இருந்தும் வழி அடைபட்ட நிலை அது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு குவிந்ததாக ஐக்கிய நாடுகளின் கணக்கீடு கூறுகின்றது. ஓர் உறுப்பை மாற்றிப் பிழைக்கக்கூடிய பொறி அக்குவியலைச் சேர்தல் அறிவுடைமையாகாது.

இதுகாறுங் கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். வரைகலை அட்டையை மாற்றுதல் இயல்வதாயது பொறியின் நுட்பத்தால் மாத்திரமன்று. அளவும் அமைப்பும் யாவரும் அறிய வெளியிடப்பட்டமையாலுமாம். நியூயோர்க்கிலோ புளொறிடாவிலோ இருந்தவர் தாய்லாந்து எழுத்தை நினைத்திலர், நினையாதது குற்றமுமன்று. ஆயினும் அவர் விட்டுவைத்த ஒரு வெற்றுப் பிளவிலே பிறனொருவன் தன் மொழியைக் கொணர்ந்து நிறுத்தினான். பழைய கணினியொன்றைத் திறந்து நோக்கும் மாணவன் அதன் செயலியின் வேகத்தை அறிதல் நன்று. அதனினும் நன்று, அதில் இன்னும் எத்தனை செருகுவாய்கள் வெறுமையாயுள்ளன என்று எண்ணிப் பார்த்தல்.