வாரச் சம்பளமும் மாதக் கணக்கும்: சிறு நிறுவனங்களுக்கான சம்பள மென்பொருள் வந்த வழி

திருப்பூரின் பனியன் பட்டறைகளிலும் கோவையின் லேத் பட்டறைகளிலும் சம்பளம் என்றால் பெரும்பாலும் சனிக்கிழமை. ஆள் எத்தனை ஷிப்ட் வந்தார், எத்தனை டஜன் தைத்தார், நடுவில் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்று பார்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சந்தையில் கிடைக்கும் சம்பள மென்பொருளோ முதலில் மாதத்தைக் கேட்கும். பிறகு அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் என்று வரிசையாகப் போகும். இந்த மாத அலகு பட்டறையில் பிறந்ததல்ல, அரசு கேட்ட பதிவேடுகளில் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். மென்பொருள் வாங்க நினைக்கும் சிறு முதலாளிக்கு விலைப்பட்டியலைவிட இந்த வரலாறு கூடுதலாக உதவும்.

தொடக்கம் 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம். தாமதமாகச் சம்பளம் கொடுப்பதையும் நினைத்தபடி அபராதம் போடுவதையும் ராயல் தொழிலாளர் ஆணையம் 1931-இல் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியிருந்தது. ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது, ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிலகத்தில் அடுத்த ஏழாம் நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் விதித்தது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் கூடாது. வசூலான தொகையைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 7-ஆம் பிரிவு ஒவ்வொன்றாகச் சொன்னது: வேலைக்கு வராத நாள், சேதம், வீட்டு வசதி, முன்பணம், வருமான வரி, கூட்டுறவுச் சங்கக் கடன். இன்றைய மென்பொருளில் ‘பிடித்தங்கள்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த உட்பிரிவுகளின் வாரிசுகள்தாம். ஆனால் இச்சட்டத்துக்கு மாதம் ஓர் உச்சவரம்பு மட்டுமே. வாரச் சம்பளத்துக்கு அது எந்தத் தடையும் சொல்லவில்லை.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் முதல் முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் அரசே ஒருகாலத்தில் வாரத்தில்தான் எண்ணியது என்பது விளங்கும். 1948-இல் இயற்றப்பட்ட சட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955-இல் கோவைக்கு வந்தது. சந்தா செலுத்துவதற்கான அலகு வாரம் என்று மூலச் சட்டமே சொன்னது. சராசரி நாள்கூலியை வைத்து வகுப்புகள் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்திருந்தார்கள். தொழிலாளியின் சந்தா அட்டையில் முத்திரை வில்லை ஒட்டுவதுதான் செலுத்தும் முறை. கணக்குப்பிள்ளைக்குச் சதவீதம் போடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அட்டவணையைப் பார்த்து ஒட்டினால் போதும். 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்தை எடுத்துவிட்டு ‘ஊதியக் காலம்’ என்று வைத்தது, வகுப்புகள் போய்ச் சதவீதம் வந்தது. பட்டறையின் நாட்காட்டியோடு ஒத்துப்போன ஒரே பெரிய திட்டம் அன்றோடு விலகிக்கொண்டது என்பது என் கணிப்பு.

வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) முதலிலிருந்தே மாதத்தின் பக்கம் நின்றது. 1952-இல் சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களில், 50 பேருக்குக் குறையாத இடங்களுக்கு 6.25 சதவீதத்தில் தொடங்கிய திட்டம் இது. 1960-இல் 50 என்பது 20 ஆனது. இ.எஸ்.ஐ.யிலோ மின்விசை பயன்படுத்தும் தொழிலகங்களுக்கு 20 என்றிருந்ததை 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் 10 ஆக்கியது. பி.எஃப். வளையத்துக்குள் ஒருமுறை வந்த நிறுவனம் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிகளின் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

கணினி வருவதற்கு முன்பே சிறு நிறுவனம் இந்தச் சுமையை வெளியாளிடம் ஒப்படைத்துவிட்டது. அமெரிக்காவில் 1949-இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஹென்றி டௌப் தொடங்கிய சம்பளக் கணக்குச் சேவைதான் பின்னாளில் ஏ.டி.பி. என்ற பெருநிறுவனம் ஆயிற்று. நம் ஊரில் அந்த இடத்தில் அமர்ந்தவர் பி.எஃப். கன்சல்டன்ட். மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பட்டறையின் சனிக்கிழமைச் சீட்டுகளை அரசுப் படிவங்களின் மாதமாக மாற்றிக் கொடுத்தார். நடந்த சம்பளம் ஒன்று, எழுதிய சம்பளம் ஒன்று என்ற இரட்டைக் கணக்கும் இந்த மாற்றத்தில் பல இடங்களில் நுழைந்தது. இதைச் சொல்லாமல் சம்பள மென்பொருளின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

2006-இல் வெளிவந்த டேலி 9 என்ற கணக்கு மென்பொருள் பதிப்பில் சம்பளப் பகுதி சேர்ந்தது. ஏற்கெனவே பேரேட்டுக்காக டேலி வைத்திருந்த கடைகளும் பட்டறைகளும் தனிச் செலவில்லாமல் சம்பளக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவர அது வழிசெய்தது. ஆனால் உண்மையான திருப்பம் 2012-இல் நடந்தது. பி.எஃப். நிறுவனம் காகிதப் படிவங்களை விட்டு, மாதந்தோறும் இ.சி.ஆர். என்ற கோப்பை இணையத்தில் ஏற்றச் சொன்னது. 2014-இல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் யு.ஏ.என். எண் வந்தது. கோப்பின் வடிவம் கறாரானது: ஆளுக்கு ஒரு வரி, அதில் மொத்த ஊதியம், பி.எஃப். ஊதியம், ஓய்வூதிய ஊதியம், சம்பளமில்லாத நாட்கள் எல்லாம் குறியிட்டுப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு வரி பிசகினால் கோப்பு திரும்பி வரும். பிழையில்லாத கோப்பைத் தருவதே அதன்பின் மென்பொருளின் முதல் வேலையாயிற்று. சம்பளம் போடுவது இரண்டாவதாகிவிட்டது.

விற்கும் முறையும் இதனால் மாறியது. பி.எஃப். ஊதிய வரம்பு 2014 செப்டம்பரில் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆனது, இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரியில் 15,000-லிருந்து 21,000 ஆனது. 2019 ஜூலையில் அதன் சந்தா விகிதம் தொழிலாளிக்கு 0.75, முதலாளிக்கு 3.25 சதவீதமாகக் குறைந்தது. ஒருமுறை வாங்கிய குறுந்தகடு இத்தனை மாற்றங்களைத் தாங்காது. ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் நிறுவனங்கள் உண்மையில் விற்பது சட்டத்தைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையை. அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்காமல் கைபேசிச் செயலியின் அழகைப் பார்த்து வாங்குவது வீண்.

சோதித்துப் பார்க்க நல்ல வாரம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 29 திங்கள் முதல் அக்டோபர் 4 சனி வரை. இரண்டு நாள் செப்டம்பரில், நான்கு நாள் அக்டோபரில். ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் அந்த வாரத்தில்தான். இ.எஸ்.ஐ.யின் அரையாண்டுச் சந்தாக் காலம் செப்டம்பர் 30-இல் முடிகிறது. ஜூலையில் கூலி உயர்ந்து மாதம் 21,000-ஐத் தாண்டிய கட்டிங் மாஸ்டருக்கு அந்த நாள்வரை சந்தா பிடித்தாக வேண்டும், அதற்குப்பின் பிடிக்கக்கூடாது. அவருடைய ஓவர்டைம் சந்தாவுக்குச் சேரும், வரம்பைக் கணக்கிடச் சேராது. இ.எஸ்.ஐ. தொகையை அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், பி.எஃப். தொகையை அருகிலுள்ள ரூபாய்க்குத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் தொழில்வரியும் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போவது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் போல மாதந்தோறும் அல்ல. மென்பொருள் காட்ட வருபவரிடம் இந்த ஒரு வாரத்துக்கான சம்பளச் சீட்டைக் கேட்டால், ‘வாரச் சம்பளமும் போடலாம்’ என்ற விளம்பர வாக்கியத்தின் பெறுமதி அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடத்துக்கு ஒழுங்கான எக்செல் தாளே போதும் என்பேன். பத்தைத் தொட்டால் இ.எஸ்.ஐ. கோப்பு, இருபதைத் தொட்டால் இ.சி.ஆர்., போனஸ் என்று வேலை கூடும். அப்போது மென்பொருளும் அதைப் புரிந்துகொண்ட கன்சல்டன்டும் சேர்ந்தே வேண்டும்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். வேலையை விட்டு நிற்பவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் கணக்கு ஓட்டும் மென்பொருளுக்கு இது நெருக்கடி. சனிக்கிழமைதோறும் முன்பணத்தைக் கழித்து மீதியைக் கையில் கொடுத்துப் பழகிய பட்டறைக்கு அந்த இரண்டு நாள் புதிதல்ல. எழுத்தில் இல்லாத அந்த முன்பணக் கணக்கை, பிடித்தம் ஊதியத்தில் பாதிக்கு மேல் போகாமல், பதிவேட்டில் ஏற்றுவதுதான் அதற்குப் புதிய வேலை.