பயணச் செவிலியர் ஊதியத் தொகுப்பு: வரலாறும் மதிப்பிடும் முறையும்

பயணச் செவிலியர் ஊதியத் தொகுப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் தம் ஊரைவிட்டு வேறு ஊர் மருத்துவமனையில் குறுகிய கால ஒப்பந்தத்தில் பணிபுரியும் செவிலியருக்கு முகவர் நிறுவனம் வழங்கும் மொத்த வருமானமாகும். மணிக்கூலி, தங்குமிடப் படி, உணவுப் படி, பயணச் செலவு ஆகியவை இதில் அடங்கும். ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரங்கள், அதாவது ஆண்டில் கால் பகுதி. வாரத்திற்கு 12 மணி நேரப் பணி மூன்று முறை. ஆக 36 மணி நேரம். விளம்பரங்களில் ஒரே ஒரு வாரத் தொகைதான் பெரிதாகக் காட்டப்படும். அதில் எது கூலி, எது செலவுக்கு ஈடு என்பதைப் புரிந்துகொள்ள, இந்த முறை வளர்ந்த வரலாற்றை அறிவது உதவும்.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செவிலியருள் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் பணிபுரியவில்லை. பதிவகங்கள் வழியாக நோயாளியின் வீட்டுக்குச் சென்று, நாள் கணக்கில் கூலி பெற்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே மருத்துவமனையில் நிலையான பணி என்பது பொது வழக்கமாயிற்று. 1965-இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுச் சட்டம் வந்ததும் மருத்துவமனைகளின் தேவை பெருகியது.

பயணச் செவிலியர் முறை 1978-இல், நியூ ஓர்லியன்சு நகரின் மார்டி கிரா திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர்ச் செவிலியரை வரவழைத்ததில் தொடங்கியது என்று இத்துறையினர் வழக்கமாகக் கூறுவர். குளிர்காலத்தில் முதியோர் திரளும் புளோரிடா, அரிசோனா போன்ற மாநிலங்களிலும் இதே தேவை இருந்தது. 1980-களில் நாடெங்கும் செவிலியர் பற்றாக்குறை ஏற்பட்டபோது முகவர் நிறுவனங்கள் பெருகின. இன்று பெரிய நிறுவனங்களுள் ஒன்றான ஏஎம்என், 1985-இல் சான் டியேகோவில் தொடங்கப்பட்டது.

தொடக்கக் காலத் தொகுப்பு எளிமையானது. நிறுவனமே வீடு பிடித்துக் கொடுக்கும். மணிக்கூலியும் பயணச் செலவும் தரும். பின்னர், வீட்டுக்குப் பதிலாகப் பணமாகவே பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவியது. செவிலியர் குறைந்த வாடகையில் தங்கினால் மீதி அவர் கையில் நிற்கும். இந்த மாற்றத்தால் வரிச்சட்டம் ஊதியத் தொகுப்பின் மையத்துக்கு வந்தது.

வரிச்சட்டத்தின் பங்கு

தொழில் நிமித்தம் வீட்டைவிட்டு வெளியூரில் தங்குபவரின் உணவு, தங்குமிடச் செலவுகளுக்கு வரிவிலக்கு தரும் ஏற்பாடு 1921-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தில் இடம்பெற்றது. அப்படியானால் 'வீடு' எது என்ற கேள்வி எழுந்தது.

1946-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிளவர்சு வழக்கு இதில் முக்கியமானது. ஒரு இரயில்வே நிறுவனத்தின் வழக்கறிஞர் ஜாக்சன் நகரில் குடியிருந்து, அலுவலகம் இருந்த மொபீல் நகருக்குச் சென்று வந்தார். அந்தச் செலவு நிறுவனத்தின் தேவையால் அன்றி அவருடைய சொந்த விருப்பத்தால் ஏற்பட்டது என்று கூறி நீதிமன்றம் விலக்கை மறுத்தது. 1958-இல் பியூரிபாய் வழக்கில் கட்டுமானத் தொழிலாளர் சிலர், தாங்கள் தற்காலிகமாகவே வெளியூரில் இருந்ததாக வாதிட்டனர். அவர்களுடைய பணி காலவரையற்றது என்ற கீழ் நீதிமன்றத்தின் முடிவே நிலைத்தது.

1973-இல் வருமானவரித் துறை மூன்று சோதனைகளை வகுத்தது. சொந்த ஊரில் ஓரளவாவது வேலை செய்கிறாரா? இரண்டு இடத்திலும் குடித்தனச் செலவு செய்கிறாரா? சொந்த ஊருடன் தொடர்பைக் கைவிடாமல் இருக்கிறாரா? எந்த ஊரிலும் நிலையான வீடு இல்லாதவர் வரித்துறையின் கண்ணில் நாடோடித் தொழிலாளி; அவருக்குப் படிகள் அனைத்தும் வரிக்குரிய வருமானமே. ஓரிடத்தில் பணி ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் எனத் தெரிந்தால் அது தற்காலிகப் பணி ஆகாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 50 மைல் தள்ளிப் பணி செய்தாலே படிக்கு வரி இல்லை என்று பலர் நம்புகின்றனர். அப்படி ஒரு வரிவிதி இல்லை.

படிகளுக்கு மேல்வரம்பாக, கூட்டரசின் பொதுப்பணி நிருவாகம் தன் ஊழியருக்கு ஊர் வாரியாக அறிவிக்கும் தினப்படி விகிதம் பயன்படுகிறது. தனி விகிதம் அறிவிக்கப்படாத ஊர்களுக்கு 2025-ஆம் நிதியாண்டில் இது தங்குமிடத்திற்கு நாளொன்றுக்கு 110 டாலர், உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் 68 டாலர். வாரத்திற்குக் கணக்கிட்டால் முறையே 770, 476 டாலர்.

2017-ஆம் ஆண்டு வரிச்சட்டம் மற்றொரு வாயிலை அடைத்தது. அதுவரை, முதலாளி ஈடு செய்யாத பணிச்செலவைத் தொழிலாளர் தம் வரிக்கணக்கில் ஓரளவு கழித்துக்கொள்ள முடிந்தது. 2018 முதல் அது நின்றது. எனவே வரியில்லாப் படி வேண்டுமானால் அது தொகுப்புக்குள்ளேயே வந்தாக வேண்டும்.

பெருந்தொற்றுக் காலம்

கலிபோர்னியாவில் 1999-இல் இயற்றப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த செவிலியர்-நோயாளி விகிதச் சட்டமும், ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் பணிபுரிய 2000-இல் தொடங்கிய உரிம ஒப்பந்தமும் இத்துறையை வளர்த்தன. 2020-இல் கொரோனா பரவியபோது தேவை எல்லை கடந்தது. சில விளம்பரங்கள் வாரத்திற்கு 10,000 டாலர் வரை அறிவித்தன. பக்கத்துப் படுக்கையில் அதே வேலையைச் செய்த நிலைப் பணியாளருக்கு அதில் சிறு பகுதியே கிடைத்தது. மனக்கசப்பு எழுந்தது, பலர் வேலையைவிட்டுப் பயணச் செவிலியராயினர். 2022 சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினர் ஏறத்தாழ 200 பேர், முகவர் நிறுவனங்களின் விலையேற்றத்தை விசாரிக்குமாறு வெள்ளை மாளிகையைக் கேட்டனர்.

அந்த ஆண்டே நிலைமை தலைகீழானது. ஒப்பந்தத்தின் நடுவில் ஊதியம் குறைக்கப்பட்டதாகச் செவிலியர் பலர் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். ஊர்விட்டு ஊர் வந்து, வாடகைக்கு முன்பணம் கட்டியவர்க்கு 'புதிய கூலிக்குச் சம்மதி, இல்லையேல் போ' என்பது உண்மையான தேர்வு அன்று.

தொகுப்பை மதிப்பிடும் முறை

மருத்துவமனை முகவர் நிறுவனத்திற்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை தருகிறது. இதனைப் பட்டியல் விலை எனலாம். செவிலியரின் கூலி, படிகள், காப்பீடு, முதலாளி கட்ட வேண்டிய வரி, நிறுவனத்தின் பங்கு யாவும் இதிலிருந்தே வரவேண்டும். எனவே 'இலவச' வீடு என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

மணிக்கூலி 25 டாலர் வீதம் 36 மணிக்கு 900 டாலர்; தங்குமிடப் படி 750; உணவுப் படி 450. வாரத் தொகை 2,100 டாலர். இதை 36-ஆல் வகுத்தால் மணிக்கு 58.33 டாலர். உள்ளூர் நிலைப் பணியாளருக்கு மணிக்கு 42 டாலர் என்றால் வாரத்திற்கு 1,512 டாலர். பார்த்தவுடன் 588 டாலர் அதிகமாகத் தெரிகிறது.

இப்போது 13 வாரத்திற்குக் கணக்கிடுவோம். மொத்தம் 27,300 டாலர். வெளியூர் வாடகை வாரம் 350 வீதம் 4,550 டாலரைக் கழித்தால் 22,750. அடுத்த ஒப்பந்தம் கிடைக்க இரண்டு வாரம் சும்மா இருந்தால், 15 வாரத்திற்குப் பங்கிட வேண்டும். கிடைப்பது வாரத்திற்கு ஏறக்குறைய 1,517 டாலர். நிலைப் பணியாளரைவிட 5 டாலர்தான் அதிகம்!

படிக்கு வரி இல்லை என்பதால் பயணச் செவிலியருக்கு உண்மையான ஆதாயம் இன்னும் சற்றுக் கூடும். ஆனால் நிலைப் பணியாளருக்குச் சம்பளத்துடன் விடுப்பு, ஓய்வுக்கால நிதியில் முதலாளியின் பங்கு முதலியன கிடைக்கலாம். இரண்டையும் தராசில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். சொந்த ஊரில் வரி வீடு இல்லையெனில் 1,200 டாலர் படிக்கும் வரி உண்டு. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியான 7.65 விழுக்காடு மட்டுமே 13 வாரத்திற்கு 1,193 டாலர், வருமானவரி தனி.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை:

1. வாரத்திற்கு எத்தனை மணி நேரம் உறுதி? நோயாளிகள் குறைவு என்று மருத்துவமனை ஒரு நாள் வரவேண்டாம் என்றால் கூலி உண்டா?

2. ஒரு நாள் உடல்நலமின்றி நின்றால் படியும் வெட்டப்படுமா?

3. மிகைநேரக் கூலி எதன்மீது கணக்கிடப்படும்? 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரத்தில் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு தரவேண்டும். மேற்கண்ட கணக்கில் 25-இன் ஒன்றரை மடங்கு 37.50 டாலர்தான். அதாவது களைத்த பின் உழைக்கும் மணிக்குச் சாதாரண மணியின் சராசரியைவிடக் குறைவு.

4. ஒப்பந்தம் இடையில் முறிந்தால் வாடகை யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. ஏஎம்என் நிறுவனத்திற்கு எதிரான வழக்கில், வேலை நேரம் குறைந்தால் படியும் குறைந்தது. வெளியூர் செல்லாத உள்ளூர்ச் செவிலியருக்கும் அதே படி கிடைத்தது. ஆகவே அப்படி உண்மையில் கூலியே. மிகைநேரக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

நீண்டகால விளைவு

கூலியைக் குறைத்துப் படியைக் கூட்டினால் இன்று கைக்கு வருவது மிகும். ஆனால் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், அதிக வருமானம் ஈட்டிய 35 ஆண்டுகளின் வரிக்குரிய கூலியை வைத்தே கணக்கிடப்படுகிறது. படிகள் அதில் சேரா. வேலையிழப்பு உதவித்தொகைக்கும் கூலியே அடிப்படை. கூலியைச் செயற்கையாகக் குறைத்து அதே தொகையைப் படி என்று பெயர் மாற்றித் தருவதை வருமானவரித் துறை 2012-இல் ஒரு விளக்க ஆணை மூலம் ஏற்க மறுத்தது.

1946-இல் எழுந்த கேள்விதான் இன்றும் ஒவ்வொரு தொகுப்பிலும் நிற்கிறது: இந்தப் பணம் உழைப்புக்கா, வீட்டைவிட்டு இருப்பதன் செலவுக்கா? அந்தக் கேள்விக்கு விடை எழுதிப் பார்த்த பின்னரே, விளம்பரத்தின் பெரிய எண்ணை மதிப்பிட முடியும்.