புனோம் பென் தூதரக வாசலில்

பள்ளியில் வரலாறு படித்த மலேசியருக்கு 'ரெசிடெண்ட்' என்ற சொல் புதிதல்ல. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு பேராக் சுல்தானுக்கு 'ஆலோசனை' சொல்ல வந்த பர்ச் நம் நினைவில் இருக்கிறார். அதே காலத்தில் கம்போடியாவிலும் இப்படி ஓர் ஆலோசகர் இருந்தார். அவர் பிரெஞ்சுக்காரர்.

ஒரு பக்கம் சயாம், மறு பக்கம் வியட்நாம். இரண்டுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்த மன்னர் நொரோடம், 1863 ஆகஸ்டில் பிரான்சின் பாதுகாப்பை ஏற்றுக் கையெழுத்திட்டார். முதல் பிரதிநிதியாக உடோங் தலைநகருக்கு வந்தவர் தூடார் தெ லாக்ரே என்ற கடற்படை அதிகாரி. தொடக்கத்தில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் 1884 ஜூனில் பீரங்கிப் படகுகளைக் கொண்டுவந்து மிரட்டி, நாட்டு நிர்வாகத்தையே ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் மன்னரைக் கையெழுத்திட வைத்தார்கள். பாதுகாப்பு என்ற பெயர் மட்டும் அப்படியே நீடித்தது.

1953 நவம்பர் 9ஆம் நாள் கம்போடியா விடுதலை பெற்றது. ஆட்டிப்படைத்தவர்கள் போய்த் தூதர்கள் வந்தார்கள். உறவு கசக்கவில்லை என்பதுதான் வியப்பு. 1966 செப்டம்பர் முதல் நாள், அதிபர் தெ கோல் புனோம் பென் விளையாட்டரங்கில் பெருங்கூட்டத்தின் முன் நின்று, வியட்நாமில் அமெரிக்கா நடத்திய போரைக் கண்டித்தார். ஒரு காலத்தில் ஆண்டவர் நண்பராக வந்து பேசியதை மக்கள் கைதட்டி வரவேற்றார்கள்.

அந்த நட்புக்குச் சோதனை 1975 ஏப்ரல் 17ஆம் நாள் வந்தது. கெமர் ரூஜ் படை நகருக்குள் நுழைந்து, நோயாளிகளைக்கூட விட்டுவைக்காமல் எல்லோரையும் வெளியே விரட்டியது. மொனிவோங் சாலையின் வடகோடியில் இருந்த பிரெஞ்சுத் தூதரகத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தஞ்சம் புகுந்தனர். தூதர் என்று அப்போது யாரும் அங்கே இல்லை. பொறுப்பில் இருந்தவர் ழான் திராக் என்ற கான்சல். மொழிபெயர்க்கத் துணை நின்றவர் பிரான்சுவா பிசோ என்ற ஆய்வாளர். இவர் 1971இல் கெமர் ரூஜிடம் சிக்கி, மூன்று மாதம் கைதியாக இருந்து மீண்டவர்.

நகரம் விழுவதற்கு முன்பே பாரிஸ் புதிய தரப்பை அங்கீகரித்திருந்தது. அதனால் பலன் ஒன்றும் இல்லை. "இது தூதரகமே இல்லை, வெளிநாட்டவரைச் சேர்த்து வைக்கும் இடம்" என்றே கெமர் ரூஜ் தரப்பு கூறிவிட்டது. கம்போடியர் அனைவரும் வெளியேற வேண்டும் என்றது. மறுத்தால் உள்ளே இருக்கும் மற்றவர்களின் கதி என்னவாகும் என்ற அச்சம்.

ஏப்ரல் 20ஆம் நாள் இளவரசர் சிரிக் மாதக் வாசலைக் கடந்து வெளியே போனார். சில நாள்களுக்கு முன்புதான், தப்பிச் செல்ல அமெரிக்கர் தந்த வாய்ப்பை மறுத்து, நாட்டிலேயே இருந்துவிட்டவர் அவர். நாடாளுமன்றத் தலைவர் உங் பூன் ஹோரும், வியட்நாம் மலைவாழ் மக்களின் தலைவர் இ பாம் எனுவோலும் போனார்கள். மூவருமே பிறகு கொல்லப்பட்டனர்.

எனக்கு இதைவிட மனத்தை அறுப்பது மற்றொன்று. பிரெஞ்சுக்காரரை மணந்த கம்போடியப் பெண் உள்ளே இருக்கலாம். பிரெஞ்சுப் பெண்ணை மணந்த கம்போடிய ஆண் வெளியேற வேண்டும். கணவனும் மனைவியும் அந்த வாசலிலேயே பிரிந்தார்கள். சில பெண்களைக் காப்பாற்ற அவசர அவசரமாகப் போலித் திருமணங்கள் நடந்தன. 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு டித் பிரானை நினைவிருக்கும். அவருக்காகப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு ஒன்றைத் திருத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அவரும் நடந்தே போனார். நல்ல காலம், உயிர் பிழைத்தார்.

எஞ்சியவர்கள் ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் லாரிகளில் தாய்லாந்து எல்லைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தூதரகம் மூடப்பட்டது. 1991 அக்டோபரில் பாரிஸில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே பிரெஞ்சுத் தூதர்கள் மீண்டும் வந்தார்கள்.

திராக் கையாலாகாமல் நின்றார் என்று திட்டுவது எளிது. கையில் ஆயுதம் இல்லாத ஒரு கான்சல், நூற்றுக்கணக்கான உயிர்களை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருப்பார்? ஆனால் உங் பூன் ஹோரின் மனைவி அப்படி விட்டுவிடவில்லை. 1999இல் பிரான்சிலேயே வழக்குத் தொடுத்தார். கணவர் தாமாக நடந்து போனாரா, பிடித்துக் கொடுக்கப்பட்டாரா என்பதே அவர் கேட்டது.