இரும்பாலைக் கழிவில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கலாமா? எப்படிச் சாத்தியம்? எளிய விளக்கம்

சூரியன் மறைந்ததும் சோலார் மின்சாரமும் நின்றுவிடும். ஆனால் லைட், ஃபேன், ஏசி என வீடுகளில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் எதில் பிடித்து வைப்பது? அங்கேதான் செலவு எகிறுகிறது.

இது எந்த வகை சோலார்?

மொட்டை மாடியில் இருக்கும் சோலார் பேனல் வேறு, இது வேறு. இங்கே வரிசையாக நிற்கும் கண்ணாடிகள் வெயிலைக் குவிக்கும். அந்தச் சூட்டில் நீராவி உருவாக்கி டர்பைனைச் சுழற்றுவார்கள்.

இப்போது எதில் சேமிக்கிறார்கள்?

உப்பில். சமையல் உப்பு இல்லை. 60% சோடியம் நைட்ரேட், 40% பொட்டாசியம் நைட்ரேட் கலந்த உப்பு. ஸ்பெயினின் ஆண்டசோல்-1 நிலையத்தில் மட்டும் சுமார் 28,500 டன் இருக்கிறது. அது முழுதாகச் சூடேறினால், வெயில் இல்லாமலே 50 மெகாவாட் நிலையம் ஏழரை மணி நேரம் ஓடும்.

அதில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல் விலை. அடுத்தது வெப்பநிலை. சுமார் 565 டிகிரி செல்சியஸுக்கு மேல் உப்பைச் சூடாக்க முடியாது, சிதைய ஆரம்பித்துவிடும். சுமார் 240 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். குழாய்க்குள் உறைந்துவிட்டால் வேலையே நின்றுவிடும்.

கழிவு எப்படிக் கைகொடுக்கும்?

*இரும்பாலைக் கசடு:* ஸ்டீல் உருக்கும்போது மேலே மிதக்கும் கழிவு இது. ஏற்கெனவே 1,500 டிகிரிக்கு மேல் வெந்து வந்தது என்பதால், 1,000 டிகிரியெல்லாம் இதற்குப் பெரிய விஷயமில்லை. இதைச் சோதிக்கவே 2015-ல் ஐரோப்பிய யூனியன் நிதியுடன் 'ரீஸ்லாக்' திட்டம் தொடங்கியது.

*ஆஸ்பெஸ்டாஸ்:* 1997-ல் பிரான்ஸ் தடை செய்த பொருள். இதன் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். கட்டடங்களை இடிக்கும்போது வரும் இந்தக் கழிவை அங்கே 1,400 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். ஆபத்தான நார் அழிந்து, 'கோஃபாலிட்' என்ற பீங்கான் போன்ற கல் கிடைக்கிறது. இதுவும் 1,000 டிகிரி வரை தாங்கும் என பிரான்ஸ் ஆய்வுகள் காட்டின.

கிலோ கணக்கில் பார்த்தால் இவை உப்பைவிடக் குறைவான வெப்பத்தையே பிடிக்கும். ஆனால் அடர்த்தி அதிகம் என்பதால், ஒரே பருமனுக்குக் கிட்டத்தட்ட சமம்.

அப்புறம் ஏன் எங்கும் வரவில்லை?

உப்பை பம்ப் செய்யலாம், கல்லை முடியாதே! கற்களைத் தொட்டியில் கொட்டி, இடைவெளி வழியாகச் சூடான காற்றைச் செலுத்த வேண்டும். வெப்பத்தைத் திரும்ப எடுக்கும்போது, கடைசி நேரத்தில் காற்றின் சூடு குறைந்துவிடும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. சூட்டில் தொட்டி விரியும்போது கற்கள் கீழே இறங்கும். ஆறும்போது சுவர் சுருங்கி அந்தக் கற்களை நெருக்கும். தினமும் இப்படி நடந்தால் தொட்டியே சேதமாகலாம்.

அடுத்து என்ன?

பெரிய நிலையங்களில் இன்னும் உப்புதான் கோலோச்சுகிறது. இன்னொரு பக்கம் சோலார் பேனல், பேட்டரி விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. அதோடு போட்டி போட வேண்டுமானால், வெப்ப நிலையங்கள் சேமிப்புச் செலவைக் குறைத்தே ஆக வேண்டும். கசடுக்கு வாய்ப்பு அங்கேதான். சோலாரில் மட்டுமல்ல, இரும்பாலைகளில் வீணாகும் வெப்பத்தைப் பிடித்து வைக்கவும் அதே ஆலையின் கசடு உதவும்.