நானோபாய்மமும் தெளிப்புக் குளிர்வித்தலும்

நானோபாய்மம் என்பது நீர் போன்ற ஒரு நீர்மத்தில், 100 நானோமீட்டருக்கும் சிறிய திண்மத் துகள்களைக் கலந்து உருவாக்கப்படுவதாகும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சூடான பரப்புகளை விரைவாகக் குளிர்விக்க இது உதவும் என்ற நம்பிக்கை 1990களில் எழுந்தது. துகள்கள் நீர்மத்துக்குள் இருந்து செய்வதைவிட, பரப்பின் மீது படிந்து செய்வதே பெரிது என்பது பின்னர் தெரியவந்தது.

ஆவிப்படலம் என்னும் தடை

நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர், உடனே வற்றிவிடாமல் முத்துகளாக உருண்டோடும். துளியின் அடிப்பகுதி ஆவியாகி, மெல்லிய படலமாகத் துளியைத் தாங்குவதே இதற்குக் காரணம். ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஜெர்மானிய மருத்துவர் யோகான் கோட்லோப் லைடன்ஃப்ராஸ்ட், செஞ்சூடான இரும்புக் கரண்டியில் நீர்த்துளி இட்டுப் பார்த்த சோதனைகளை 1756இல் நூலாக வெளியிட்டார். இந்நிகழ்வு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1934இல் ஜப்பானின் ஷிரோ நுகியாமா, நீரில் மூழ்கிய உலோகக் கம்பியை மின்னோட்டத்தால் சூடாக்கி ஆராய்ந்தார். கொதிக்கும் நீர் ஒரு வரம்பு வரையே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் ஆவி கம்பியை மூடிக்கொள்ள, அதன் வெப்பநிலை திடீரென உயரும். எஃகு ஆலையில் செஞ்சூடான தகட்டின் மேல் நீர் தெளிக்கும்போதும் இதே தடை எழுகிறது. படலம் ஓரிடத்தில் நிலைத்து, வேறிடத்தில் கலைந்தால் தகடு சீராகக் குளிராமல் கோணிவிடும்.

நானோபாய்மத்தின் தோற்றம்

உலோகம் நீரைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். துகள் கலந்த பொருளின் கடத்துதிறனைக் கணக்கிடும் வழியை மேக்ஸ்வெல் 1873ஆம் ஆண்டு நூலிலேயே காட்டியிருந்தார். ஆனால் பெரிய துகள்கள் அடியில் படிந்தன, குழாய்களை அடைத்தன. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய், 1995இல் நானோ அளவுத் துகள்களை முன்மொழிந்து, நானோபாய்மம் என்ற பெயரையும் வழங்கினார். 2001இல், எத்திலீன் கிளைக்காலில் கன அளவில் 0.3 விழுக்காடு செப்புத் துகள் கலந்தபோது கடத்துதிறன் 40 விழுக்காடு வரை உயர்ந்ததாக அவரது குழு அறிவித்தது.

முரண்பட்ட முடிவுகள்

2003இல் இரண்டு முடிவுகள் வெளிவந்தன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சரித் குமார் தாசும் சக ஆய்வாளர்களும் அலுமினா கலந்த நீரைக் கொதிக்கவைத்தபோது, வெப்பப் பரிமாற்றம் தூய நீரைவிடக் குறைந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலருக்கோ, நுகியாமா கண்ட அந்த வரம்பு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது.

கொதிக்கும்போது துகள்கள் பரப்பில் படிந்து நுண்துளை அடுக்கு ஒன்றை உண்டாக்குவதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் காட்டினர். அந்த அடுக்கில் நீர் எளிதில் பரவி ஒட்டுவதால் வரம்பு உயர்கிறது. சூடான உலோகக் கோளங்களை நானோபாய்மத்தில் அமிழ்த்திய அவர்களது சோதனையில், முதன்முறை பெரிய வேறுபாடு தெரியவில்லை. படிவு ஏறிய கோளத்தை மீண்டும் அமிழ்த்தியபோதே அது விரைந்து குளிர்ந்தது. 2009இல் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே மாதிரிகளை அளந்து பார்த்தன. கடத்துதிறனில் வியக்கத்தக்க உயர்வு எதுவும் இல்லை. பழைய கோட்பாடே போதுமானதாக இருந்தது.

தெளிப்பில் பயன்

தெளிப்பிலும் பாய்மத்தில் துகளைக் கூட்டினால் மட்டும் பயன் கிடைப்பதில்லை. செக் நாட்டின் பெர்னோ நகர ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், அலுமினாவின் அளவு கூடக்கூட வெப்பப் பரிமாற்றம் குறைந்தது. மெல்லிய படிவு துளியைப் பரப்பில் பரவச் செய்யும். தடித்த படிவோ போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். துகள்கள் ஒன்றுசேர்ந்து திரண்டால் தெளிப்பு முனையும் அடைபடும். எனவே துகளைப் பாய்மத்தில் சுமந்து செல்வதற்கு மாறாக, பரப்பிலேயே நானோ அடுக்கை முன்கூட்டியே அமைத்து, தூய நீரைத் தெளிக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது.