கடலைப் பார்க்காத பிள்ளைகள் எழுதிய கடல்

எங்க சித்தி பொண்ணு அரசு தொடக்கப்பள்ளி டீச்சர். போன மாசம் போன் பண்ணி, "அண்ணே, வாத்தியாருங்க படிக்கிற மாதிரி ஏதாவது சொல்லேன். பேராசிரியருங்க எழுதினது வேண்டாம். அதெல்லாம் பயிற்சி வகுப்புல ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடுறாங்க. வகுப்புல நிக்கிற ஆளு எழுதினது வேணும்"னு கேட்டா.

நியாயமான கேள்விதான். கல்வி பத்தி எழுதுறவங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா காலைல ஒன்பதரைக்கு நாற்பது பிள்ளைங்க முன்னாடி நின்னுட்டு, சாயங்காலம் வந்து அன்னிக்கு நடந்ததை எழுதின வாத்தியாருங்க எத்தனை பேரு? தேட ஆரம்பிச்சேன். தனித்தனியாப் புத்தகங்கள் கிடைக்கும்னு நினைச்சா, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு வருது. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலின்னு ஒரு சங்கிலியே இருக்கு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

சங்கிலியோட முதல் கண்ணி செலஸ்தான் ஃப்ரெனே. 1896ல தெற்கு பிரான்சுல ஒரு மலைக் கிராமத்துல பிறந்தவர். வாத்தியார் பயிற்சி முடியறதுக்குள்ள முதல் உலகப்போர். 1917ல நுரையீரல்ல குண்டடி. பல மாசம் ஆஸ்பத்திரி வாசத்துக்கு அப்புறம், 1920ல பார்-சுர்-லூங்கிற சின்ன ஊருக்கு ஆசிரியரா வந்து சேர்றார். தூசி நிறைஞ்ச வகுப்பறை. கொஞ்ச நேரம் சத்தமாப் பேசினாலே மூச்சு வாங்கும். வாத்தியாருக்குக் குரல் போனா என்ன மிஞ்சும், யோசிச்சுப் பாருங்க.

மனுஷன் பிள்ளைகளைப் பேச விட்டார். வெளியே கூட்டிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்ததைச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில எழுதினார். ஒரு நாள் பிள்ளைங்க நத்தைப் பந்தயம் விட்டிருக்காங்க. எந்தப் பாடப் புத்தகத்தையும் விட அந்தப் பந்தயத்தைப் பத்தின நாலு வரியை ஆசையா வாசிச்சாங்களாம். ஆனா சாயங்காலம் பலகையைத் துடைச்சா அந்த நாலு வரியும் போச்சு. 1924ல ஒரு சின்னக் கை அச்சு எந்திரம் வாங்கிட்டு வந்து வகுப்பறையில வச்சார். பிள்ளைங்களே ஈய எழுத்தை ஒவ்வொண்ணாப் பொறுக்கி அச்சுக் கோர்த்து, மை தடவி, தாளை அழுத்தி எடுத்தாங்க. அச்சுக் கோர்க்கும்போது எழுத்துப் பிழை விட்டா எல்லார் தாள்லயும் அதே பிழை வரும். அதனால திருத்தம் பாக்குறது வாத்தியார் வேலையா இல்லாம பிள்ளைகளோட வேலையா ஆயிடுச்சு. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சது.

அந்தத் தாள்களை என்ன பண்றது? பிரான்சோட வடமேற்கு மூலையில, பிரிட்டனில இருந்த ரெனே டானியல்ங்கிற இன்னொரு வாத்தியாருக்கு அனுப்பினார். அவரோட பிள்ளைங்க பதிலுக்கு அவங்க தாள்களை அனுப்பினாங்க. ஒரு பக்கம் தெற்கத்தி மலைக் கிராமம், மறுபக்கம் கடலோர மீன்பிடி ஊர்கள். இப்படி ஒருத்தர் ரெண்டாகி, ரெண்டு பத்தாகி, வாத்தியாருங்க ஒருத்தர் வகுப்பை இன்னொருத்தர் வாசிக்கிற வழக்கம் உருவாச்சு. அவங்களுக்குன்னு ஒரு செய்தித்தாள், பிள்ளைகள் எழுத்துக்குன்னு தனிப் பத்திரிகை எல்லாம் வந்தது.

இதுக்கு ஃப்ரெனே கொடுத்த விலையும் சொல்லணும். 1928ல சான்-போல்ங்கிற ஊருக்கு மாறிப் போனார். அங்கே ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிக்கு வேண்டிய சாமான் தர மறுத்த மேயரை வகுப்பே திரண்டு எதிர்க்குது, கடைசியில கத்திக்குத்துல முடியுது. சின்னப் பையன் கனவு! அதை அச்சடிச்சதுதான் குத்தம். 1932 டிசம்பர்ல ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர். தீவிர வலதுசாரிப் பத்திரிகைகள் பாரிஸ்ல இருந்து வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதுச்சு. 1933ல மாற்றல் உத்தரவு. கடைசியில அரசுப் பள்ளியையே விட்டுட்டு, 1935ல வான்ஸ்ங்கிற ஊர்ல சொந்தமாப் பள்ளி தொடங்கினார். 1940ல அரசாங்கம் அவரைப் பிடிச்சு முகாம்ல அடைச்சது தனிக்கதை.

அதே 1930கள்ல இந்த அச்சு எந்திர யோசனை எல்லை தாண்டி ஸ்பெயினுக்குப் போச்சு. அங்கே புதுசா வந்திருந்த குடியரசு ஊர் ஊராப் பள்ளி திறந்துகிட்டிருந்த நேரம். அந்தோனி பெனாய்ஜஸ்னு ஒரு இளம் ஆசிரியர். சொந்த ஊர் மத்தியதரைக் கடல் பக்கம், தாரகோனா மாகாணம். 1934ல அவருக்கு போஸ்டிங் எங்கே கிடைச்சது தெரியுமா? புர்கோஸ் மாகாணத்துல பான்யுவேலோஸ் தெ புரேபாங்கிற குட்டிக் கிராமம். சுத்திலும் நிலம்தான். சொந்தக் காசுல ஒரு அச்சு எந்திரமும் ஒரு கிராமபோனும் வாங்கி வச்சார். பெரிய பிள்ளைங்களுக்கு ஒரு சிற்றிதழ், சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு. ஆடு, அறுவடை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் அதுல வரும்.

1936 ஜனவரியில ஒரு குட்டிப் புத்தகம் போட்டாங்க. தலைப்பு 'கடல்'. கீழே சின்னதா, கடலை ஒரு நாளும் பார்த்திராத பிள்ளைகளின் பார்வை. அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையும் கடல் எப்படி இருக்கும்னு ரெண்டு மூணு வரி. ஒரு சின்னப் பொண்ணு, வாத்தியார் குளிக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார், நான் வர மாட்டேன், மூழ்கிடுவேன்னு பயமா இருக்குங்கிற அர்த்தத்துல எழுதியிருந்தா. கடல் வேணாம்னு ஒரு பிள்ளை சொன்னதையும் அப்படியே அச்சுல போட்டாரு பாருங்க, அங்கேதான் அவர் எப்படிப்பட்ட வாத்தியார்னு எனக்குப் புரிஞ்சது. நம்மாளா இருந்தா 'கடல் அழகானது' அப்படின்னு திருத்தியிருப்போம்.

அந்தக் கோடை விடுமுறையில எல்லாரையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருந்தார். ஜூலை 18, 1936ல ராணுவக் கலகம். மறுநாளே பெனாய்ஜஸைப் பிடிச்சுட்டாங்க. ஜூலை 25ஆம் தேதி சுட்டுக் கொன்னாங்க. வயசு 33. அவர் அச்சடிச்ச தாள்களைப் பயத்துல ஊர்க்காரங்க எரிச்சாங்க. எரிக்காம ஒளிச்சு வச்ச சிலது பிழைச்சது. லா பெத்ராகா மலைப்பக்கம் கூட்டமாப் புதைச்ச குழிகளை 2010ல தோண்டினாங்க. நூத்துக்கு மேல எலும்புக்கூடுகள் கிடைச்சும், அதுல இவரை அடையாளம் காண முடியலை. ஆனா அந்தத் தோண்டல்தான் இவர் கதையை வெளியே கொண்டு வந்தது. சேர்கி பெர்னால்ங்கிற புகைப்படக்காரர் அங்கே போய், இப்படி ஒரு வாத்தியார் இருந்தாருன்னு கேள்விப்பட்டு, துருவித் துருவித் தேடி எடுத்தார். 2023ல 'கடலைக் காட்டுவதாகச் சொன்ன ஆசிரியர்'ங்கிற பொருள்ல ஸ்பானியப் படமாவும் வந்துடுச்சு.

இதுக்கப்புறம் இத்தாலி. போர் முடிஞ்சு, 1951ல அங்கேயும் ஃப்ரெனே வழியில ஆசிரியர்கள் கூட்டுறவா சேர்ந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் மரியோ லோடி. வோங்கிற கிராமத்துத் தொடக்கப்பள்ளி வாத்தியார். ஜன்னல் வழியா கூரைமேல இருந்த சிட்டுக்குருவிகளைப் பிள்ளைங்க வேடிக்கை பார்த்ததைத் தடுக்காம, அதையே கதையா வளர்த்து 1961ல 'சிப்பி'ன்னு ஒரு புத்தகமாக் கொண்டு வந்தார். இன்னிக்கும் இத்தாலியப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம் அது. 1963 கோடையில இவர் ஒரு மலை ஏறிப் போனார்.

மேலே பார்பியானா. சர்ச்சும் சில வீடுகளும் மட்டும் இருக்கிற இடம். மேலிடத்துக்குப் பிடிக்காததால 1954 கடைசியில அங்கே அனுப்பப்பட்ட பாதிரியார் லொரென்சோ மிலானி. ஃப்ளாரன்ஸ்ல வசதியான குடும்பத்துல பிறந்தவர். பள்ளியில ஃபெயிலாகி வெளியே வந்த விவசாயிகள் வீட்டுப் பசங்களுக்குப் பாடம் நடத்தினார். ஒரு நாளைக்கு பன்னிரண்டு மணி நேரம், வருஷத்துல 365 நாளும், லீவே கிடையாது. (இதைப் படிச்சதும் எங்க வீட்டு டீச்சர், "அவருக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லைல்ல?"ன்னு கேட்டா. நியாயம்தானே. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எந்த ஆசிரியருக்கும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.)

லோடி போய் தன்னோட பிள்ளைங்க எப்படிச் சேர்ந்து எழுதுறாங்க, எப்படி இன்னொரு பள்ளிக்குக் கடிதம் போடுறாங்கன்னு சொன்னார். மிலானிக்கு அது பிடிச்சுப் போச்சு. 1963 நவம்பர்ல பார்பியானாப் பசங்க வோ பிள்ளைகளுக்கு ஒரு கூட்டுக் கடிதம் எழுதினாங்க. நத்தைப் பந்தயத்துல ஆரம்பிச்சது இங்கே வந்து சேருது பாருங்க. அந்தப் பழக்கத்துல இருந்துதான் 1967 மேயில 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' வந்தது. எட்டுப் பசங்க சேர்ந்து எழுதினது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிப் பரிட்சையில ஃபெயிலாக்கிய ஒரு டீச்சருக்குப் பதில்.

எழுதின முறையைக் கேளுங்க. ஒவ்வொருத்தன் பையிலயும் ஒரு குறிப்பேடு. தோணுறதைத் தோணுற நேரத்துல ஒரு தாளுக்கு ஒரு யோசனைன்னு எழுதணும். அப்புறம் எல்லாத் தாளையும் பெரிய மேஜையில பரப்பி, ஒரே விஷயம் ரெண்டு தடவை வந்தா எடுத்துட்டு, குவியல் குவியலாப் பிரிக்கணும். குவியல்தான் அத்தியாயம். அப்புறம் வெட்டு. தேவையில்லாத வார்த்தை, கஷ்டமான வார்த்தை, ஒரே வாக்கியத்துல ரெண்டு விஷயம், எல்லாம் போகும். கடைசியா வெளியாட்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாங்க, அதுவும் ரொம்பப் படிக்காதவங்களா இருந்தா நல்லது. அவங்களுக்குப் புரியலைன்னா மறுபடி முதல்ல இருந்து.

கோபம் மட்டும் இருக்கிற புத்தகம்னு நினைச்சுடாதீங்க. அரசாங்கப் புள்ளிவிவரங்களை எடுத்து வச்சு, எந்த வகுப்புல எந்த வேலைக்காரன் மகன் நிக்கிறான், யார் மேலே போறான்னு அந்தப் பசங்களே அட்டவணை போட்டாங்க. விவசாயி மகன் ஜியான்னி, டாக்டர் மகன் பியரினோன்னு ரெண்டு பேரை வச்சு அதை விளங்க வச்சாங்க. அந்தக் கணக்குக்காக இத்தாலிய இயற்பியல் சங்கம் பரிசு கொடுத்தது. ஃபெயிலான பசங்களுக்கு! புத்தகம் வந்த அடுத்த மாசம், ஜூன் 26ஆம் தேதி, மிலானி புற்றுநோய்ல இறந்துட்டார். 44 வயசு. ஐம்பது வருஷம் கழிச்சு 2017ல போப் ஃபிரான்சிஸ் அந்த மலைக்கு வந்து அவர் கல்லறையில பிரார்த்தனை பண்ணினார்.

இதுல ஒரு வேடிக்கை. ஆசிரியர்கள் அவசியம் படிக்கணும்னு உலகம் பூரா சொல்ற இந்தப் புத்தகம், இது வாத்தியாருங்களுக்கு இல்லை, பெத்தவங்களுக்குன்னு சொல்லித்தான் ஆரம்பிக்குது. தமிழ்லயும் வந்திருக்கு.

தங்கச்சிக்கு இது மூணையும்தான் சொன்னேன். கூடவே கிஜுபாய் பதேகாவோட 'பகல் கனவு' (நம்ம ஊர்ல நல்லாவே தெரிஞ்ச குஜராத்தி ஆசிரியர்), நியூசிலாந்துல மாவோரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963ல எழுதின 'டீச்சர்'. 'டீச்சர்' கொஞ்சம் தன்னைப் பத்தியே பேசுற புத்தகம். ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுக்கு வேண்டிய வார்த்தையைக் கேட்டு, ஒரு அட்டையில எழுதிக் கொடுத்துப் படிக்க வைப்பாங்க பாருங்க, அதுக்காகப் படிக்கலாம்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ சொன்னா. "நானும் முதல் ரெண்டு வருஷம் ஒரு நோட்டு எழுதிக்கிட்டிருந்தேண்ணே. யாரு படிக்கப் போறான்னு நிறுத்திட்டேன்."

பத்து நாள் கழிச்சு மறுபடி போன். "கடல் வேணாம்ணே. எங்க பிள்ளைகள்ல பாதி இன்னும் ரயில்ல ஏறினதில்ல. ரயில் உள்ள எப்படி இருக்கும்னு எழுதச் சொன்னேன். இருபத்தெட்டுல நாலுதான் சொந்தமா எழுதுச்சு. மத்ததெல்லாம் கோனார் நோட்ஸ்ல ரயில் பயணம் கட்டுரை இருக்குல்ல, அதை அப்படியே இறக்கிடுச்சுங்க."

அந்த நாலையும் தபால்ல அனுப்பச் சொல்லியிருக்கேன்.